வடதுருவம் சென்ற மாத்யூ ஹென்சன்

ஒரு சமுதாயம் தலைநிமிர வேண்டுமானால் அதற்குப் பள்ளி வேண்டும், கல்லூரி வேண்டும், விடுதி வேண்டும், உதவித்தொகை வேண்டும். இவற்றுக்காகவே நம் கல்விச் சங்கம் தோன்றியது. இவற்றுக்காகவே இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து இன்று வெள்ளி விழாக் காண்கிறது. எனினும், இவை அனைத்தும் வாய்த்த பின்னரும் ஓர் இளைஞனுக்கு இன்னும் ஒன்று தேவைப்படுகிறது. தன்னைப் போன்றே எளிய குடியில் பிறந்து, தன்னைப் போன்றே புறக்கணிக்கப்பட்டு, அதற்குப் பின்னும் அரிய செயல் செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையை அவன் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத் தேர்வுக்குரிய பாடநூல் தருவதில்லை. வாழ்க்கை வரலாற்று நூல்களும், பயண நூல்களும், துணிவுச் செயல்களை உள்ளபடி உரைக்கும் நூல்களுமே தருகின்றன.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்ற இளைஞர் அம்பேத்கருக்குப் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அக்கூட்டத்தில் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசாக அளித்தார். 1956-ஆம் ஆண்டு நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய பேரறிஞரின் நெஞ்சில் முதல் வித்தை ஊன்றியது அந்த ஒரு வாழ்க்கை வரலாற்று நூல்தான். ஒரு நூல் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

அத்தகைய வரலாறு ஒன்றை நம் இளைஞர்களுக்கு இம்மலரில் சொல்ல விழைகிறோம். அது கற்பனைக் கதையன்று. உறைபனியும் பட்டினியும் மரணமும் சூழ்ந்த வடதுருவப் பெருவெளியில் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த மாத்யூ அலெக்சாண்டர் ஹென்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெருமகனின் உண்மை வரலாறு அது.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டு முடிவுற்றது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1866 ஆகஸ்டு 8-ஆம் நாள், மேரிலாந்து மாநிலத்தின் சார்லஸ் மாவட்டத்தில் ஹென்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர் போருக்கு முன்பே விடுதலை பெற்றிருந்தவர்கள். பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள். சட்டம் விடுதலை தந்ததே தவிர, நிலம் தரவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. கறுப்பின மக்களை அச்சுறுத்தும் வன்முறைக் கும்பல்கள் நாட்டின் தென்பகுதி எங்கும் திரிந்த காலம் அது. சட்டம் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்யும் நிலை எத்தகையது என்பதை நம் சமுதாயத்தினருக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

ஹென்சனின் குடும்பம் பிழைப்பு நாடி வாஷிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த சிறுவன் உறவினர் ஆதரவில் வளர்ந்தான். அங்கே சில ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றான். பின்னர், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், பால்ட்டிமோர் துறைமுகத்தை அடைந்து, கேட்டி ஹைன்ஸ் என்னும் பாய்மரக் கப்பலில் எடுபிடிச் சிறுவனாக வேலைக்கு அமர்ந்தான்.

கடல் அவனுக்குப் பள்ளியாயிற்று. அக்கப்பலின் தலைவர் சைல்ட்ஸ் என்பவர் வெள்ளையர். ஆயினும் நிறம் பார்த்து நெஞ்சை அடைத்துக்கொள்ளாத மனிதர். ஏவல் வேலை முடிந்த நேரங்களில் அச்சிறுவனைத் தம் அறைக்கு அழைத்து நூல்களைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். கணக்கும், வரலாறும், நிலவியலும் கற்பித்தார். விண்மீன்களைக் கொண்டு திசையறியும் முறையையும், கப்பல் தச்சு வேலையையும் கற்க வழி செய்தார். சீனம், ஜப்பான், பிலிப்பைன்ஸ் தீவுகள், வட ஆப்பிரிக்கா, ருசிய நாட்டுக் கருங்கடல் துறைகள் எனப் பல நாடுகளைச் சிறுவன் கண்டான். தரையில் அவனுக்குத் திறக்காத உலகம் கப்பலின் சிற்றறையில் நூல்களின் வழியே திறந்தது.

சில ஆண்டுகளில் சைல்ட்ஸ் இறந்தார். அவரைப் போன்றவர் வேறு கப்பல்களில் வாய்க்கவில்லை. ஹென்சன் கரைக்குத் திரும்பிக் கிடைத்த வேலைகளைச் செய்து, இறுதியில் வாஷிங்டனில் ஒரு தொப்பிக் கடையில் பண்டகசாலை ஊழியரானார். கடல் பல கடந்தவர், கணக்கும் திசையறிவும் கற்றவர், தொப்பிகளை அடுக்கும் வேலையில் நாள் கழிக்க வேண்டியதாயிற்று. கல்வி இருந்தும் அதற்கேற்ற வேலை கிட்டாத இளைஞர்கள் நம்மிடையே இல்லையா? அவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பியரியுடன் கூட்டு

1887-ஆம் ஆண்டு, ராபர்ட் பியரி என்னும் கடற்படைப் பொறியாளர் அத்தொப்பிக் கடைக்கு வந்தார். நடு அமெரிக்காவின் நிகரகுவா நாட்டில் கால்வாய் ஒன்று வெட்டுவதற்கான நில அளவைப் பணிக்கு அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தமக்கு ஓர் ஏவலாள் தேவை என்று அவர் கூற, கடைக்காரர் ஹென்சனைச் சுட்டிக்காட்டினார். ஏவலாளாகச் சென்ற ஹென்சன் காட்டிலும் சேற்றிலும் காட்டிய உழைப்பையும், கைத்திறனையும், வரைபடம் அறியும் அறிவையும் கண்ட பியரி, பின்னர் வடதுருவப் பயணங்களுக்கும் அவரையே உடன் வருமாறு அழைத்தார்.

1891-ஆம் ஆண்டு கிரீன்லாந்தின் வடபகுதிக்கு முதற்பயணம் புறப்பட்டது. அங்குக் குழுவினர் குளிர்காலம் தங்குவதற்கான மரவீட்டைக் கட்டுவதில் முன்னின்றவர் ஹென்சன். கப்பலில் கற்ற தச்சுத் தொழில் அங்கே கைகொடுத்தது. அப்பயணத்தில் தொடங்கி 1909 வரை இருவரும் மீண்டும் மீண்டும் அப்பனிவெளிக்குச் சென்றனர். 1893 முதல் 1895 வரை ஒரு பயணம். 1896, 1897 ஆகிய கோடைகளில் இரு பயணங்கள். 1898 முதல் 1902 வரை நான்காண்டுத் தொடர் பயணம். 1905-லும் 1908-லும் மேலும் இரண்டு. 1895-ஆம் ஆண்டு கிரீன்லாந்தின் பனிப்பாறைமேட்டைக் குறுக்கே கடந்து திரும்புகையில் உணவு தீர்ந்தது; வண்டி இழுத்த நாய்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. பியரியும் ஹென்சனும் ஹியூ லீ என்பவரும் ஒரே ஒரு நாயுடன் குற்றுயிராய் முகாம் வந்து சேர்ந்தனர். 1899-ஆம் ஆண்டு பியரியின் கால்கள் உறைபனியால் விறைத்துப் போயின. அவருடைய விரல்களிற் பலவற்றை வெட்டி எடுக்க நேர்ந்தது. அக்கொடிய குளிரில் அவரைப் பேணி, வண்டியில் கிடத்திக் கொண்டுவந்தவர்களில் ஹென்சனே முதன்மையானவர்.

மக்களிடம் கற்ற கல்வி

வடதுருவத்தை நாடி அதற்கு முன்பும் ஐரோப்பியர் பலர் சென்றனர்; பலர் மாண்டனர். அம்மண்ணின் மக்களாகிய இனுயிட்டுகளைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணி, அவர்களிடம் கற்க மறுத்தது அழிவுக்கு ஒரு காரணமாயிற்று. ஹென்சன் அவ்வாறு எண்ணவில்லை. அவர்களுடைய குடில்களில் தங்கினார். அவர்கள் உணவை உண்டார். அவர்கள் மொழியைப் பயின்று சரளமாகப் பேசினார். பியரியின் குழுவினருள் அம்மொழியை அவரளவு கற்றவர் எவரும் இலர். பனிக்கட்டிகளை வெட்டி அடுக்கி ஒரு மணி நேரத்தில் குடில் எழுப்பவும், விசிறி போல் பரப்பிக் கட்டிய நாய்களைச் சாட்டையொலியால் நடத்தவும், கடற்பனியின் நிறத்தைப் பார்த்தே அதன் உறுதியை அறியவும் அம்மக்களே அவருக்குக் கற்பித்தனர். இனுயிட்டுகள் அவருக்கு மாரிபாலுக் என்று அன்புப்பெயர் சூட்டினர். மாத்யூ என்னும் பெயரை ஒட்டி, பரிவுடையவன் என்னும் பொருள் தருவது அப்பெயர்.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த ஒருவர், தம்மினும் தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய மக்களிடம் சென்று மாணவராக அமர்ந்தார். அவருடைய வெற்றிக்கு அதுவே அடிப்படை.

எனினும் அப்பயணங்கள் அம்மக்களுக்கு நன்மையை மட்டுமே தந்தன என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். பன்னெடுங்காலமாக இனுயிட்டுகள் தம் கத்திகளுக்கும் ஈட்டிகளுக்கும் இரும்பு எடுத்துவந்த விண்கற்களைப் பியரி நியூயார்க்குக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் பெரியது ஏறத்தாழ 31 டன் எடையுள்ளது. 1897-ஆம் ஆண்டு ஆறு இனுயிட்டுகளையும் அவர் அந்நகருக்கு அழைத்துவந்தார். புதிய நோய்களைத் தாங்காத அவர்களுள் நால்வர் சில மாதங்களிலேயே மாண்டனர். அவர்களுடைய எலும்புகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டு, 1993-ஆம் ஆண்டிலேதான் சொந்த மண்ணுக்குத் திரும்பின. பெரியோர் வரலாற்றைப் படிக்கும்போது ஒளியை மட்டும் பார்த்து நிழலை மறத்தல் கூடாது.

துருவ நோக்கிய இறுதிப் பயணம்

1908 ஜூலை 6-ஆம் நாள் ரூஸ்வெல்ட் என்னும் கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. வழியில் இனுயிட்டுக் குடும்பங்களையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு எல்ஸ்மியர் தீவின் வடகரையில் ஷெரிடன் முனையை அடைந்தது. அங்குக் குளிர்கால இரவு மாதக்கணக்கில் நீடித்தது. கதிரவன் தோன்றாத அம்மாதங்களில் ஹென்சன் பனிவண்டிகளைச் செய்தார், பழுது பார்த்தார், புதியவர்களுக்கு வண்டியோட்டக் கற்பித்தார். இனுயிட்டுப் பெண்கள் கரடித்தோலும் மான்தோலும் கொண்டு குழுவினர் அனைவருக்கும் உடைகளைத் தைத்தனர். அவ்வுடைகள் இல்லையேல் அப்பயணமே இல்லை.

1909 மார்ச்சுத் தொடக்கத்தில் கொலம்பியா முனையிலிருந்து குழுவினர் துருவம் நோக்கிச் சென்றனர். ஆட்கள் 24 பேர்; வண்டிகள் 19; நாய்கள் 133. கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 760 கிலோமீட்டர். துருவத்தில் நிலமில்லை என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அங்கிருப்பது கடல், அதன்மேல் மிதக்கும் பனிப்பாளம். அப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி மதில்போல் உயர்ந்து நிற்கும். கோடரியால் வெட்டி வழி செய்தே வண்டியை ஏற்ற வேண்டும். சில வேளை பாளம் பிளந்து கருநீர்க் கால்வாய் குறுக்கே தோன்றும். அது மீண்டும் உறையும் வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. அப்படி ஒரு பெரும் பிளவின் கரையில் அவர்கள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். குளிரோ சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசையும் தாண்டியது.

பியரியின் திட்டம் ஓர் ஏணியைப் போன்றது. துணைக் குழுக்கள் முன்னே சென்று வழியமைத்து, உணவைச் சுமந்து கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பிவிடும். எஞ்சியவர்கள் மேற்செல்வர். அவ்வாறு கடைசியாக ஏப்ரல் 1-ஆம் நாள் கப்பல் தலைவர் பார்ட்லெட் திரும்பினார். அதன்பின் எஞ்சியோர் அறுவர்: பியரி, ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்வேயா. பின்னால் குறித்த நால்வரும் இனுயிட்டுகள். அறுவருள் வெள்ளையர் ஒருவரே.

அந்நாட்களில் ஒரு நாள், அசையும் பனிப்பாளத்தின் மீது வண்டியைச் செலுத்திய ஹென்சன் கால் வழுக்கிக் கடலில் வீழ்ந்தார். அந்நீரில் சில நிமிடங்கள் கிடந்தாலே உயிர் போகும். ஊட்டா அவரைப் பிடரியைப் பற்றித் தூக்கிக் கரையேற்றினார்; நனைந்த காலணிகளை மாற்ற உதவினார். பின்னர் ஒன்றும் நிகழாதது போல் இருவரும் வண்டியைச் செலுத்தினர்.

ஏப்ரல் 6-ஆம் நாள் துருவத்தை அடைந்துவிட்டதாகக் கணித்துப் பியரி முகாம் அமைத்தார். கால்விரல்களை இழந்த அவர் அந்நாட்களில் பெரும்பாலும் வண்டியில் அமர்ந்தே வந்தார். முன்னே வழி திறந்து சென்றவர் ஹென்சன். எனவே அவ்விடத்தில் முதலில் கால் வைத்தவர் தாமே என்று அவர் பின்னாளில் கூறினார். ஹென்சனும் நான்கு இனுயிட்டுகளும் கொடிகளை ஏந்திப் பனிமேட்டின்மீது நிற்கும் புகைப்படத்தைப் பியரி எடுத்தார். உலகம் முழுவதும் பரவிய படம் அது. திரும்பும் வழியில் துணைக்குழு ஒன்றின் தலைவரான ராஸ் மார்வின் உயிரிழந்தார். மற்றவர்கள் கரை சேர்ந்தனர்.

அவர்கள் அடைந்த இடம் துல்லியமாகத் துருவப்புள்ளிதானா என்னும் ஐயம் அன்றே எழுந்தது. பிரெடரிக் குக் என்பவர் தாம் 1908-லேயே துருவம் கண்டதாகக் கூறியதால் பெரும் வழக்காடல் மூண்டது. குக்கின் கூற்றை அறிஞர் பெரும்பாலோர் தள்ளினர். பியரியின் கணக்குகளை 1980-களில் ஆராய்ந்த வாலி ஹெர்பர்ட் என்னும் துருவப் பயணி, அவர்கள் துருவத்தைத் தவறவிட்டிருக்கலாம் என்னும் முடிவுக்கு வந்தார். இவ்வழக்கு இன்றும் முழுமையாக முடியவில்லை. ஆனால் ஹென்சனின் பெருமை அப்புள்ளியைப் பொறுத்ததன்று. பதினெட்டு ஆண்டு உழைப்பையும், அப்பனிக்கடலில் மனிதரை அழைத்துச் சென்று உயிரோடு மீட்டுவந்த திறமையையும் எந்தக் கணக்கும் குறைக்க இயலாது.

மறுக்கப்பட்ட புகழ்

திரும்பி வந்த பின் நிகழ்ந்தவை பனியினும் கொடியவை. பியரிக்கு 1911-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாராளுமன்றம் நன்றி கூறியது. கடற்படையில் ரியர் அட்மிரல் பதவியும் அதற்குரிய ஓய்வூதியமும் கிடைத்தன. பாதி வழியிலிருந்து திரும்பிய வெள்ளையர்களுக்கும் புகழ் வந்தது. இறுதிவரை சென்ற ஹென்சனோ ஒரு மோட்டார் கொட்டகையில் கூலிக்கு வேலை செய்தார்.

பியரி தம் நூலில் ஹென்சனின் திறமையைப் பாராட்டவே செய்தார்; பனிவண்டி செலுத்துவதில் அவருக்கு நிகரானவர் குழுவில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும், தனித்து ஒரு குழுவை வழிநடத்திக் கரைசேர்க்கும் துணிவும் முன்முயற்சியும் ஹென்சனின் இனத்தவருக்கு மரபால் வாய்க்கவில்லை என்னும் கருத்துப்பட எழுதிவிட்டார். பல பயணங்களில் தம் உயிரை அவர் கையில் ஒப்படைத்திருந்தவர் எழுதிய கருத்து அது! உழைப்பு வேண்டும், திறமை வேண்டும், ஆனால் தலைமை மட்டும் தகாது என்னும் இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. தகுதி என்னும் சொல் எவரால், எவருக்கு எதிராகக் கையாளப்படுகிறது என்பதை நாமும் கண்டு வருகிறோம்.

ஹென்சனைச் சொந்த மக்கள் கைவிடவில்லை. 1909-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரக் கறுப்பின மக்கள் அவருக்கு விருந்தளித்துத் தங்கக் கடிகாரம் பரிசளித்தனர். 1912-ஆம் ஆண்டு அவர் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். வடதுருவத்தில் ஒரு நீக்ரோ ஆய்வுப் பயணி என்னும் பொருள்படும் தலைப்புடையது அந்நூல். கறுப்பின மக்களின் கல்வித் தலைவர் புக்கர் வாஷிங்டன் அதற்கு அறிமுகவுரை எழுதினார். பியரியும் முன்னுரை வழங்கினார். தம் வரலாற்றைப் பிறர் எழுதுவதற்கு விட்டுவிடாமல் தாமே எழுதி வைத்தமையாலன்றோ அவரை இன்று நாம் அறிகிறோம்!

1913-ஆம் ஆண்டு, நண்பர்களின் முயற்சியால், குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவரை நியூயார்க் சுங்க அலுவலகத்தில் அமர்த்தினார். கிடைத்தது கடிதம் கொண்டுசெல்லும் ஏவலர் வேலை. பின்னர் எழுத்தராக உயர்ந்து 1936-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஹார்லெம் பகுதியில் எளிய வீட்டில் மனைவி லூசியுடன் வாழ்ந்தார்.

அந்த 1913-ஆம் ஆண்டு நமக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேதான் இளைஞர் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அதே நியூயார்க் நகரில் கால் வைத்தார். ஹார்லெமை ஒட்டிய கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 வரை பயின்றார். துருவம் வரை சென்றவர் சுங்க அலுவலகத்தில் கடிதம் சுமந்த நாட்களிலேயே, பின்னாளில் ஒரு நாட்டின் அரசியல் சட்ட வரைவுக்குத் தலைமை தாங்கப் போகிறவர் அந்நகரின் நூலகத்தில் நூல்களுக்கிடையே அமர்ந்திருந்தார்.

காலம் தந்த நீதி

நீதி மெல்லவே வந்தது. 1937-ஆம் ஆண்டு, ஹென்சனுக்கு 70 வயது ஆன நிலையில், நியூயார்க் ஆய்வுப் பயணியர் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1944-ஆம் ஆண்டு பாராளுமன்றம் பியரியின் குழுவினர்க்கு வழங்கிய பதக்கம் அவருக்கும் கிடைத்தது. 1954-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அவரை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். மறு ஆண்டு, 1955 மார்ச்சு 9-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் ஹென்சன் மறைந்தார். நியூயார்க்கின் உட்லான் கல்லறையில் எளிய முறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

கிரீன்லாந்தில் ஓர் இனுயிட்டுப் பெண்ணின் வழியே அவருக்கு அனௌகாக் என்னும் மகன் இருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் கௌண்டரின் முயற்சியால், முதுமை எய்திய அம்மகன் 1987-ஆம் ஆண்டு அமெரிக்கா வந்து தந்தையின் உறவினரைக் கண்டார். அதே பேராசிரியரின் முயற்சியால் 1988 ஏப்ரல் 6-ஆம் நாள், துருவப் பயணத்தின் 79-ஆம் ஆண்டு நிறைவில், ஹென்சனின் உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டுப் பியரியின் கல்லறைக்கு அருகில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. பியரிக்கு 1906-லும் பார்ட்லெட்டுக்கு 1909-லும் தேசிய நிலவியல் கழகம் வழங்கிய ஹப்பர்டு பதக்கம், 2000-ஆம் ஆண்டில் ஹென்சனுக்கும் வழங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு நிலவின் தென்துருவத்தை அடுத்த பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. இந்நீதி தானே வந்ததன்று. கேட்டவர்கள் இருந்தார்கள்; எழுதியவர்கள் இருந்தார்கள்; நூலகத்தின் மூலையில் கிடந்த நூலை எடுத்துப் படித்தவர்கள் இருந்தார்கள். ஆகவே வந்தது.

நூல்களைத் தேடும் வழி

இத்தகைய நூல்கள் எங்கே கிடைக்கும் என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். நாடு விடுதலை பெற்றபின் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலமே. அது 1948-ஆம் ஆண்டு. அதன் பயனாக ஊர்தோறும் நூலகங்கள் தோன்றின. அங்குச் சென்று வாழ்க்கை வரலாறு, பயணம் ஆகிய அடுக்குகளைக் கேளுங்கள். டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் 910 என்னும் எண்ணின்கீழ் நிலவியலும் பயணமும், 920 என்னும் எண்ணின்கீழ் வாழ்க்கை வரலாறும் இருக்கும். இவ்விரண்டு எண்களை அறிந்தவர் எந்நகரத்து நூலகத்திலும் வழி தவறார். ஹென்சனின் நூல் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டமையால் இணையத்தில் கட்டணமின்றியே ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டா. கடலோடி ஒருவர் எளிய நடையில் எழுதியது அது.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றினை நோக்குங்கள். முதலாவது, ஆசிரியர் தாம் கண்டதையும் செய்ததையும் சொல்கிறாரா, அல்லது பிறர் புகழை வெறுமனே அடுக்குகிறாரா என்று பாருங்கள். பனிவண்டியை எப்படிக் கட்டினார், என்ன உண்டார், எப்போது அஞ்சினார் என்று சொல்லும் நூலே உங்களைப் பிடித்து நிறுத்தும். இரண்டாவது, ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஒரு நூலோடு நின்றுவிடாதீர்கள். பியரி எழுதியதையும் படியுங்கள். ஹென்சன் எழுதியதையும் படியுங்கள். முதலாளி சொன்ன கதைக்கும் உழைப்பாளி சொன்ன கதைக்கும் உள்ள வேறுபாடு அப்போது விளங்கும். மூன்றாவது, அந்நூலில் பேசாதவர் எவர் என்று கேளுங்கள். ஊட்டாவும் அவருடைய தோழர்களும் நூல் எழுதவில்லை. உடை தைத்த பெண்களின் பெயர்களைத் தேடினாலும் எளிதில் கிட்டுவதில்லை. அவர்களையும் நினைத்துப் பார்ப்பதே நிறைவான படிப்பு.

நம்மவர் வரலாறுகளும் நமக்கு உண்டு. கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று உழைத்தவரும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடியவருமாகிய இரட்டைமலை சீனிவாசன், தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி 1939-ஆம் ஆண்டு வெளியிட்டார். அச்சிறு நூலைப் படிக்காத இளைஞர் நம் சமுதாயத்தில் ஒருவரும் இருத்தல் கூடாது.

நம் சங்கத்தின் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வில் வெற்றி பெறும் மாணவர்க்குப் பாத்திரமும் துண்டும் பரிசளிக்கும் வழக்கத்தோடு ஒரு வாழ்க்கை வரலாற்று நூலையும் சேர்த்துக் கொடுப்போம். கேலுஸ்கர் கொடுத்தது ஒரே ஒரு நூல்தான். சைல்ட்ஸ் கொடுத்ததும் தம் கப்பல் அறையிலிருந்த சில நூல்கள்தாம். முதலாவது நாகபுரி வரை வழிகாட்டியது. மற்றது வடதுருவம் வரை கொண்டுசென்றது. நம் வீட்டுப் பிள்ளையின் கையில் நாம் இன்று வைக்கும் நூல் எதுவரை கொண்டுசெல்லும் என்பதை அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் காட்டும். இப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக.